மாடியிலிருந்து விண்வெளி நிலையத்துக்கு: மேலே போகாத பாக்கெட்டைத் தேடிப் பிடித்த அனுபவம்

பெங்களூரு அல்சூரில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து நான் அனுப்பும் மழை அளவும் வெப்பநிலையும் இப்போது சர்வதேச விண்வெளி நிலையம் வரை போய்த் திரும்பி வருகின்றன. எப்போதாவது அதிர்ஷ்டத்தில் வருவது போய், நிலையம் ஓரளவு உயரத்தில் கடக்கும்போதெல்லாம் ஒரு பாக்கெட்டாவது திரும்பக் கேட்கிறது. இந்த நிலைக்கு வர நிறைய நாள் பிடித்தது. அதில் பெரும்பகுதி தவறான இடத்தில் தேடியதில் போனது. இதே முயற்சியில் இருப்பவர்களுக்கு அந்த நேரம் மிச்சமாகட்டும் என்று, தேடிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் பின்னணி. விண்வெளி நிலையத்தில் ஹாம் ரேடியோக்காரர்களுக்காக, அதாவது லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோ இயக்குபவர்களுக்காக, ஒரு கென்வுட் ரேடியோ இருக்கிறது. அது பாக்கெட் முறையில் இருக்கும்போது, 145.825 மெகாஹெர்ட்ஸில் நாம் அனுப்பும் சின்ன டேட்டா பாக்கெட்டைக் கேட்டு, அதே அலைவரிசையில் உடனே திருப்பி ஒலிபரப்பும். வேகம் வினாடிக்கு 1200 பிட். 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு டோன்கள்: டோன் மாறினால் பூஜ்யம், மாறாவிட்டால் ஒன்று. இந்த நெறிமுறையில் பிழை திருத்தம் கிடையாது. ஒரே ஒரு பிட் தவறினாலும் முழு பாக்கெட்டும் குப்பைக்குப் போகும், போனது நமக்குத் தெரியவும் வராது. அனுப்ப மத்திய அரசின் ஹாம் லைசென்ஸ் வேண்டும். கேட்பதற்கு மட்டும் என்றால் கணினியில் செருகும் ரேடியோ ரிசீவரான ஒரு ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் போதும்.

என்னிடம் இருந்தது 5 வாட் சீனக் கையடக்க ரேடியோ, ஒரு பழைய ராஸ்பெர்ரி பை சின்னக் கணினி, யுஎஸ்பி சவுண்ட் கார்டு, டாங்கிள். பாக்கெட்டை டோனாக்கவும் டோனிலிருந்து படிக்கவும் மென்பொருள் டைர்வுல்ஃப், இலவசம். ரேடியோவுக்கும் சவுண்ட் கார்டுக்கும் நடுவே ஒரு ரெடிமேட் கேபிள். ரேடியோவில் குரல் வந்தால் தானாக டிரான்ஸ்மிட் ஆகும் வாக்ஸ் வசதி இருந்ததால், டிரான்ஸ்மிட்டை இயக்கும் பிடிடி கம்பி தனியாக எதற்கு என்று விட்டுவிட்டேன். கூடவே வந்த ரப்பர் ஆன்டெனாவைக் கழற்றி ஒரு நீளமான விப் மாட்டினேன். நிலையம் கடந்தபோது மற்றவர்களின் பாக்கெட்டுகள் திரையில் அழகாக வந்தன. நான் அனுப்பியது மட்டும் வரவில்லை.

பவர் போதவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். நண்பர் ஒருவரின் 25 வாட் கார் ரேடியோவைக் கடன் வாங்கி, அதே கேபிள், அதே வாக்ஸ் ஏற்பாட்டில் பேட்டரியோடு மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அதிலும் ஒன்றும் திரும்பவில்லை. அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதை முதல் நாளே போட்டிருக்க வேண்டும். நிலையம் சுமார் 420 கிலோமீட்டர் உயரத்தில் போகிறது. அடிவானத்தில் அது நம்மிடமிருந்து 2300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. இந்த அலைவரிசையில் அந்தத் தூரத்துக்கு ஏறக்குறைய 143 டெசிபல் இழப்பு. 5 வாட் என்பது 37 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல்). ஒரே திசையை நோக்கும் சின்ன யாகி ஆன்டெனா ஒரு 6 டெசிபல் கூட்டினால், மேலே போய்ச் சேருவது மைனஸ் 100 டிபிஎம் பக்கம். சாதாரண எஃப்எம் ரிசீவர் மைனஸ் 120 பக்கத்திலேயே கேட்டுவிடும். அதாவது மோசமான இடத்தில்கூட 20 டெசிபல் கையிருப்பு உண்டு. தலைக்கு மேலே வரும்போது இன்னும் 15 டெசிபல் கூடும். 5 வாட்டிலிருந்து 25 வாட்டுக்கு மாறினால் கிடைப்பது வெறும் 7 டெசிபல். ஆக, பவர் பஞ்சம் எனக்கு இல்லவே இல்லை.

அடுத்து ஆன்டெனா. விப் நேராக நிற்கும்போது தலைக்கு மேலே போகும் நிலையத்தை அது சரியாகப் பார்ப்பதில்லை, நிலையம் நகர நகர போலரைசேஷனும், அதாவது அலை அதிரும் திசையும், மாறிக்கொண்டே இருக்கும். கையில் பிடித்துத் திருப்பக்கூடிய மூன்று எலிமென்ட் யாகி வேண்டும். உலகம் முழுக்க ஹாம்காரர்கள் அளவெடுக்கும் இரும்பு டேப்பை வெட்டிச் செய்கிறார்களே, அதையே செய்தேன். தெருமுனை ஹார்டுவேர் கடையில் இன்ச் அகல டேப்பும் முக்கால் இன்ச் பிவிசி பைப்பும் வாங்கினேன். “டேப்பை வெட்டவா வாங்கறீங்க தம்பி?” என்று கடைக்கார அண்ணன் இரண்டு முறை கேட்டார். விஷயத்தைச் சொன்னதும், முனையில் லேசாகத் துரு ஏறி ஒதுக்கி வைத்திருந்த டேப்பைக் குறைந்த விலைக்குக் கொடுத்தார்.

அளவுகள்: பின்னால் ரிப்ளெக்டர் 105 சென்டிமீட்டர். நடு எலிமென்ட் இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் 45, நடுவில் இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி. முன்னால் டைரக்டர் 89. ரிப்ளெக்டருக்கும் நடு எலிமென்டுக்கும் 20, நடுவிலிருந்து டைரக்டருக்கு 32. நடுத் துண்டுகளின் உள்முனைகளை 13 சென்டிமீட்டர் கம்பியை ஹேர்பின் போல வளைத்து இணைக்க வேண்டும், மேட்சிங் அதிலிருந்துதான் வருகிறது. டேப்பின் மஞ்சள் பெயின்டை உப்புத்தாளால் வெள்ளி போலப் பளபளக்கும்வரை தேய்க்காவிட்டால் ஈயம் ஒட்டவே ஒட்டாது. தேய்த்த கையோடு ஃப்ளக்ஸ் தடவி, 60 வாட் சால்டரிங் அயர்ன் வைத்தால் பிடிக்கும். 25 வாட் அயர்னில் நான் மல்லுக்கட்டியது வீண், எஃகுப் பட்டை சூட்டை அப்படியே இழுத்துக்கொண்டு போகிறது. நானோவிஎன்ஏ என்ற ஆன்டெனா அளக்கும் கருவியில் பார்த்து, ஹேர்பினை விரித்தும் குறுக்கியும் 145.825-இல் எஸ்டபிள்யூஆரை (1-ஐ நெருங்க நெருங்க மேட்சிங் நல்லது) 1.3-க்குக் கொண்டுவந்தேன். வெட்டிய முனைகள் பிளேடு மாதிரி இருக்கும், இன்சுலேஷன் டேப் சுற்றுவது அவசியம்.

இதற்குப் பிறகு கேட்பது வெகுவாக முன்னேறியது. என் பாக்கெட் எப்போதாவது ஒன்று திரும்ப ஆரம்பித்தது. எப்போதாவது மட்டும்தான்.

எனக்கு ஹாம் ரேடியோ கற்றுக்கொடுத்தவர் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். 2005 மே 5-ஆம் தேதி பி.எஸ்.எல்.வி. சி6 ராக்கெட்டில் போன இஸ்ரோவின் ஹாம் ரேடியோ செயற்கைக்கோளான ஹாம்சாட் வழியாக வருஷக்கணக்கில் பேசியவர். அவரிடம் புலம்பியபோது, “மேலேயிருந்து நீ எப்படிக் கேக்கறேன்னு உனக்குத் தெரியுமா தம்பி?” என்றார். தெரியாது என்றேன். “அப்புறம் எதைத் திருத்தறே? ஹாம்சாட்ல 435-ல பேசினா அடுத்த நொடியே 145-ல என் குரல் காதுல விழும். கரகரன்னா அங்கேயே சரிபண்ணிக்குவேன். உன்னோடதுல அது கிடையாது. கீழேயே கேட்கறதுக்கு ஒரு வழி பண்ணு.”

இந்தப் பேச்சுக்கு அப்புறம்தான் வேலை சரியான பாதைக்கு வந்தது. பாக்கெட்டைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் நிலையத்தின் டிஜிபீட்டரில் ஏறுவதும் இறங்குவதும் ஒரே அலைவரிசை. முழுசாகப் புரிந்த பாக்கெட்டை மட்டும்தான் அது திருப்பிச் சொல்லும். புரியாததைப் பற்றி ஒரு குறிப்பும் வராது. ஆகவே மேலே இருக்கும் ரிசீவரின் இடத்தில் கீழே ஒன்றை வைத்தேன். ரேடியோவில் ஆன்டெனாவுக்குப் பதில் 50 ஓம் டம்மி லோடு, அதாவது பவரை வெளியே விடாமல் சூடாக விழுங்கும் ரெசிஸ்டர். டாங்கிளை ஆன்டெனா இல்லாமல் அடுத்த அறையில் மடிக்கணினியில் செருகினேன். ஒரே மேசையில் வைத்தால் டாங்கிள் திணறிப்போய், வருவதெல்லாம் பொய்யாகிவிடும். ரேடியோ அனுப்புவதைப் பதிவுசெய்து, ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் அலை வடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

முதல் பதிவிலேயே இரண்டு கோளாறு கண்ணில் பட்டன. ஒன்று, பாக்கெட்டின் தலை காணோம். வாக்ஸ் சத்தத்தைக் கேட்டு விழித்து, டிரான்ஸ்மிட்டரை எழுப்புவதற்குள் தொடக்கத்தில் ஒரு பகுதி காற்றோடு போய்விட்டது. அதோடு, பாக்கெட் முடிந்த பிறகும் வாக்ஸ் ஒரு வினாடிக்கு மேல் டிரான்ஸ்மிட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. நிலையம் உடனே பதில் ஒலிபரப்பும் நேரம் அது! மேலே போய்ச் சேர்ந்த சில பாக்கெட்டுகளின் எதிரொலியைக்கூட நான் கேட்காமல் விட்டிருக்கிறேன். இரண்டாவது கோளாறு, அலையின் உச்சிகள் மழுங்கித் தட்டையாக இருந்தன. சவுண்ட் கார்டின் சத்தத்தை அதிகமாக வைத்ததில், ரேடியோவின் உள்ளே லிமிட்டர் அதை வெட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் பலமான சிக்னலில் டைர்வுல்ஃப் இதைக்கூடப் படித்துவிட்டது. நடுவில் சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டர்களைப் போட்டு இரைச்சல் மட்டம் வரை இறக்கியதும் பாதிக்கு மேல் தேறவில்லை. பலமான சிக்னலில் மட்டும் சோதித்து ‘நல்லா இருக்கு’ என்று முடிவு செய்யக் கூடாது.

வாக்ஸைத் தூக்கிவிட்டு, பை-யின் ஜிபிஐஓ பின்னிலிருந்து மின் தொடர்பில்லாமல் ஒளியால் சுவிட்ச் போடும் பிசி817 ஆப்டோகப்ளர் ஒன்றும் 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் வைத்து பிடிடி சர்க்யூட் போட்டேன். எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் இவை இரண்டும் சேர்த்து இருபது ரூபாய்க்குள். ஆப்டோகப்ளர் ஏன் என்றால், பை-யின் கிரவுண்டும் ரேடியோவின் கிரவுண்டும் நேராகச் சேரும்போது ஆடியோவில் ஒரு ‘ங்’ இரைச்சல் வந்தது. பிடிடி வழியில் கிரவுண்ட் பிரிந்ததும் அது குறைந்துவிட்டது. ஆடியோ வழியில் 10 கே பிரீசெட் ஒன்று, அளவைத் திருகி நிறுத்த. யாகியைப் பக்கத்தில் பிடித்து அனுப்பும்போது ஆர்எஃப் கேபிளில் ஏறி பிடிடி மாட்டிக்கொண்டே நின்றது. கேபிளின் இரு முனையிலும் கிளிப் வகை ஃபெரைட் மாட்டியதும் அந்தத் தொல்லை விட்டது.

அடுத்தது டீவியேஷன், அதாவது குரல் கேரியரை எவ்வளவு தூரம் அசைக்கிறது என்ற அளவு. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பாக்கெட்டுக்கு 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருப்பது நல்லது. இதை அளக்க விலை உயர்ந்த மீட்டர் தேவையில்லை. ஒரு எஃப்எம் கேரியரை ஒரே டோனால் அசைக்கும்போது, டீவியேஷன் அந்த டோனின் 2.405 மடங்கை எட்டும் கணத்தில் நடுக் கேரியர் காணாமல் போகும். 3000-ஐ 2.405-ஆல் வகுத்தால் 1247. ஆடாசிட்டியில் 1247 ஹெர்ட்ஸ் டோன் உருவாக்கி, பிரீசெட்டை அடியிலிருந்து மெல்லத் திருகினேன். எஸ்டிஆர் திரையை நன்றாகப் பெரிதாக்கி வைத்திருந்தேன். நடுவில் ஒரு உயரமான கோடு, இரு பக்கமும் 1247 ஹெர்ட்ஸ் இடைவெளியில் குட்டிக் கோடுகள். திருகத் திருகப் பக்கத்துக் கோடுகள் வளர, நடுக்கோடு இறங்குகிறது. ஒரு புள்ளியில் நடுக்கோடு இரைச்சலுக்குள் மூழ்கியே போகிறது. மயிரிழை கூடத் திருகினால் திரும்ப எழுகிறது. அந்தப் புள்ளிதான் 3 கிலோஹெர்ட்ஸ்.

ஆனால் அங்கேயே நிறுத்தினால் தப்பாகும். எஃப்எம் ரேடியோவில் ப்ரீ-எம்ஃபசிஸ் இருக்கிறது, மேல் டோன்களை அது கூடுதலாகத் தூக்கும். 1247-க்கு 3 கிலோஹெர்ட்ஸ் என்றால் 2200 டோன் 5-ஐத் தாண்டி லிமிட்டரில் போய் முட்டும். ஆகவே நடுக்கோடு மறைந்த இடத்திலிருந்து, மென்பொருளில் டோன் அளவை 5 டெசிபல் குறைத்தேன். இப்போது 2200 டோன் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம், 1200 டோன் அதைவிடக் குறைவு. அலையின் உச்சிகள் உருண்டு வந்தன. அதே அட்டெனுவேட்டர் சோதனையில் தேறாமல் போவது அரிதாகிவிட்டது. மொத்த முயற்சியில் மிகப் பெரிய பலன் கொடுத்தது இந்த ஒரு மாலை வேலைதான்.

இடையில் இன்னொரு வேண்டாத வழியும் போய்ப் பார்த்தேன். டைர்வுல்ஃபில் எஃப்எக்ஸ்.25 என்று ஒரு பிழை திருத்த வசதி உண்டு. பழைய ரிசீவர்களையும் குழப்பாது என்பதால் அதை இயக்கினேன். ஆனால் மேலே இருக்கும் ரேடியோவுக்கு அந்த மொழி தெரியாது, சேர்த்து அனுப்பும் திருத்தப் பிட்டுகளை அது பயன்படுத்தாது. எனக்குக் கிடைத்தது நீளமான பாக்கெட் மட்டும். நீளமான பாக்கெட் என்றால் அடுத்தவரின் பாக்கெட்டோடு மோத அதிக வாய்ப்பு. அணைத்துவிட்டேன்.

மோதல்தான் மிச்சமிருந்த பெரிய பிரச்சினை. நிலையம் தலைக்கு மேலே இருக்கும்போது அதன் பார்வை வட்டம் எல்லாத் திசையிலும் சுமார் 2200 கிலோமீட்டர். அந்த வட்டத்தில் இருக்கும் எல்லோரும் ஒரே அலைவரிசையில் ஏறப் பார்க்கிறார்கள். நாம் ஒருவரை ஒருவர் நேரடியாகக் கேட்க முடியாது, பூமியின் வளைவு தடுக்கிறது. கீழே காலியாகத் தெரியும் நேரத்தில் மேலே இரண்டு பேர் மோதிக்கொண்டிருக்கலாம். இதற்கு நம் கையில் இருப்பது பாக்கெட்டைச் சுருக்குவதுதான். முதலில் என் பாக்கெட்டில் 70 எழுத்துக் குறிப்பு, இரண்டு டிஜிபீட்டர் பெயர், ரேடியோ நிலையாக எழுவதற்கு 600 மில்லிவினாடி முன்னோட்ட இடைவெளி, எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 1.3 வினாடி. டிஜிபீட்டர் பெயரில் நிலையத்துக்கான ‘ஏரிஸ்’ மட்டும் வைத்து, என் இருப்பிடத்தைச் சுருக்க வடிவத்தில் எழுதி, வணக்கம் வாழ்த்தை எல்லாம் நீக்கி 30 குறிக்கு இறக்கினேன். முன்னோட்ட இடைவெளியை 300-க்குக் குறைத்தேன். பதிவில் பார்த்தால் என் ரேடியோ எழுந்து நிலையாக 200 மில்லிவினாடி ஆகிறது, அதனால் 300-க்குக் கீழே போகவில்லை. இப்போது மொத்தம் 0.7 வினாடிக்குள் முடிந்துவிடுகிறது.

எப்போது அனுப்புவது என்பதிலும் பாடம் உண்டு. நிலையம் வங்காள விரிகுடாப் பக்கம், கிழக்கே போகும்போது இந்தோனேசியக்காரர்களின் பாக்கெட்டுகள் சரம்சரமாக வரும், இடமே கிடைக்காது. நமக்கு மேற்கே, அரபிக்கடல் பக்கமாகக் கடக்கும் பாஸ்கள் (நிலையம் ஒரு முறை கடந்துபோவது ஒரு பாஸ்) அமைதியானவை. என் முதல் வெற்றிகள் எல்லாம் மேற்கே கிடைத்தவை. கிழக்குப் பாஸ் என்றால் ஆரம்பத்திலேயே, நிலையம் இன்னும் நம் பக்கம் இருக்கும்போதே அனுப்பிவிட வேண்டும். யாரோ ஒருவரின் பாக்கெட் திரும்ப ஒலிபரப்பாகி முடிந்து ஒரு சின்ன இடைவெளி விட்டு அனுப்பினால் நல்லது, எல்லோரும் அதே கணத்தில் பாய்வதால்.

டாப்ளர் பற்றி, அதாவது நிலையத்தின் வேகத்தால் அலைவரிசை விலகுவது பற்றி. 145 மெகாஹெர்ட்ஸில் விலகல் அதிகபட்சம் 3.4 கிலோஹெர்ட்ஸ் பக்கம். எஃப்எம்-க்கு இதெல்லாம் பொருட்டில்லை என்று பலரும் சொல்கிறார்கள், உயரே போகும்போது அது சரிதான். ஆனால் நம் சிக்னலின் அகலம் 10 கிலோஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் மேல். அடிவானத்தில் 3.4 தள்ளிப்போனால் ரிசீவர் வடிகட்டியின் ஓரத்தில் உரசும். மூன்று மெமரி சேனல் போட்டேன். நிலையம் நெருங்கும்போது 145.8225-இல் அனுப்பி 145.8275-இல் கேட்பது, நடுவில் இரண்டும் 145.825, விலகும்போது முதல் சேனலின் நேர்மாறு. தாழ்வான பாஸ்களில் வித்தியாசம் தெரிந்தது. உயரமான பாஸ்களில் பெரிதாக இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நிலையத்தின் ரேடியோ எப்போதும் பாக்கெட் முறையில் இருப்பதில்லை. சில சமயம் குரல் ரிப்பீட்டராக மாற்றிவிடுவார்கள், விண்நடை நடக்கும்போதும் விண்கலங்கள் வந்து சேரும்போதும் அணைத்துவிடுவார்கள். மாடிக்கு ஏறும் முன், நிலையத்தின் ஹாம் ரேடியோவை நடத்தும் ஏரிஸ் அமைப்பின் நிலவரத்தைப் பார்ப்பது நல்லது. பார்க்காமல் சில நாள் என் கேபிளைக் குடைந்துகொண்டிருந்தேன். ஆள் இல்லாமல் தானாகப் பாக்கெட் அனுப்பும்படி விட்டுவிடவும் கூடாது. மோதல் ஏற்கெனவே அதிகம், அடுத்தவருக்கும் இடம் வேண்டும். நான் ஒவ்வொரு முறையும் மாடியில் நின்று, கேட்டு, கையால்தான் அனுப்புகிறேன்.

செலவு: டேப், பைப், கிளாம்பு, கனெக்டர் சேர்த்து 600 ரூபாய்க்குள். சவுண்ட் கார்டு 300. ஃபெரைட், பிரீசெட், ஆப்டோகப்ளர் எல்லாம் 150-க்குள். டம்மி லோடும் அட்டெனுவேட்டர்களும்தான் சுமார் 1500 ஆயின. இந்த 1500-ஐ முதலில் செலவு செய்திருந்தால் கார் ரேடியோவை மாடிக்குத் தூக்கியிருக்கவே மாட்டேன். அடுத்த முறை ஆரம்பிப்பதாக இருந்தால் வரிசையை மாற்றுவேன்: முதலில் டம்மி லோடும் டாங்கிளும் வைத்து என் சிக்னலைப் பார்ப்பேன், பிறகு பிடிடி, பிறகு டீவியேஷன், கடைசியில் ஆன்டெனா.

இன்னும் தீராதது ஒன்று. தெற்கே புதிதாக எழுந்த அடுக்குமாடி 15 டிகிரி வரை மறைக்கிறது, அந்தப் பக்கம் தாழ்வாகப் போகும் பாஸ்களில் பாக்கெட் போவதில்லை. தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு இரும்புக் குழாய் நட்டு, யாகியைக் குறுக்கு யாகியாக (ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு வரிசை எலிமென்ட்) மாற்றி அங்கே ஏற்றப் போகிறேன். கோஆக்ஸ் நீளம் 8 மீட்டர் ஆகும். இப்போதிருக்கும் மெல்லிய கேபிளில் அது 2 டெசிபல் வரை தின்னும், கையிருப்பு 20 டெசிபல் இருப்பதால் தடிமனான கேபிளுக்குக் காசு போடப்போவதில்லை. குழாய்க்கு வெல்டிங் ஆளிடம் சொல்லியிருக்கிறேன், மழை விட்டதும் வருவார்.